கொடைக்கானல் ஒருநாள் பேக்கேஜ்: இ-பாஸுக்குக் காசு கேட்டால் உஷாராகிவிடுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் இருப்பவர்கள் யாராவது கொடைக்கானல் போகக் கார் பேசிக்கொண்டிருந்தால், அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் மூன்று வாரமாக மராமத்து. மழைக்கு ஊறிப்போன பட்டாலைச் சுவரைச் சுரண்டத்தான் ஆள் வந்தார்கள். பழைய வீட்டில் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கையோடு வருமே, அப்படி வளவு என்கிற நடுமுற்றத்துத் தளத்தையும் பெயர்த்து ஆத்தங்குடிக் கல் பதிக்கும்படி ஆகிவிட்டது. ஐப்பசியில் வேலையை வைத்தது எங்கள் புத்திசாலித்தனம், அதை விடுங்கள். குழம்புச் சோற்றில்கூட மணல் நறநறத்தது. அம்மாவுக்கு இருமல் நிற்கவில்லை. கொத்தனார்தான் சொன்னார்: “நாளைக்கு நாலு பக்கமும் கல்லு போட்டுருவேண்ணே. அன்னிக்கு யாரும் காலே வைக்கக் கூடாது. ஆச்சியக் கூட்டிக்கிட்டு எங்கயாச்சும் போயிட்டு வாங்க.”

வளவில் கால் வைக்காமல் அடுப்படிக்குப் போக முடியாது. சரி, கொடைக்கானல் போகலாம் என்று முடிவானது. தெரிந்தவர் ஒருவர் ஒரு டிராவல்ஸ்காரரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை அனுப்பினார். மலை முழுக்க ஊதா நிறம். ‘குறிஞ்சி சீசன், ஒருநாள் டூர்’ என்று மேலே எழுதியிருந்தது. நான் அங்கேயே முழித்திருக்க வேண்டும். பேர் பெற்ற அந்த நீலக்குறிஞ்சி 12 வருடத்துக்கு ஒருமுறைதான் பூக்கும். 2006-இல் பூத்தது, அப்புறம் 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. இது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் சிமெண்ட் தூசியில் மூன்று வாரம் இருந்துவிட்டு ஊதா மலையைப் பார்த்தால் கணக்கெல்லாம் மறந்துவிடுகிறது.

பேசிய தொகை இது: மஞ்சள் போர்டு இன்னோவா, டிரைவர் பேட்டா, டோல் எல்லாம் சேர்த்து 7,500. தனியாக, மலைக்குப் போக அனுமதிச் சீட்டான இ-பாஸுக்குத் தலைக்கு 250 வீதம் நாலு பேருக்கு 1,000. பசுமை வரி தலைக்கு 100 வீதம் 400. ஆக 8,900. முழுத் தொகையும் முன்கூட்டியே ஜிபேயில் வாங்கிக்கொண்டார். ராத்திரி பத்து மணிக்கு இ-பாஸ் என்று ஒரு படம் வந்தது. வண்டி எண் இருக்க வேண்டிய இடத்திலும் தேதி இருக்க வேண்டிய இடத்திலும் ஆளுக்கொரு ரோஜாப்பூ ஸ்டிக்கர், கீழே ‘இனிய பயணம்’. அலங்காரம் பண்ணி அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டோம்!

விடிகாலை நாலு மணிக்கு வாசலில் வந்து நின்றது வெள்ளை போர்டு கார். இன்னோவாவும் இல்லை. கேட்டால், “அந்த வண்டி நைட்டு பிரேக்டவுன் சார். இது நம்ம சொந்த வண்டிதான், ஏசி சூப்பரா இருக்கும். வழில யாராச்சும் கேட்டா மட்டும் சொந்தக்காரங்கன்னு சொல்லிருங்க” என்றார் டிரைவர். அம்மா ஏற்கெனவே ஸ்வெட்டர் போட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. தப்பு அங்கேதான். சொந்த உபயோகத்துக்கு என்று பதிவான வண்டியை வாடகைக்கு ஓட்டக் கூடாது. வழியில் ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடலாம்.

திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், வத்தலக்குண்டு. அதுவரை குறையில்லை. மலையடிவாரச் சோதனைச் சாவடியில் பாஸைக் கேட்டார்கள். ரோஜாப்பூவைக் காட்டினேன். அங்கிருந்த ஊழியர் என் போனை வாங்கிப் பார்த்துச் சிரித்துவிட்டு, கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணினார். “சார், இது மே மாசம் எடுத்த பாஸ். வண்டி நம்பரும் வேற.” எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். “இதுக்குக் காசே கிடையாது சார்.”

உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம். அரசு இணையதளத்தில் போன் நம்பர், வண்டி எண், எத்தனை பேர், எந்தத் தேதி என்று கொடுத்தால் இலவசமாகவே கிடைக்கும். பாஸ் வண்டிக்குத்தான், தலைக்கு இத்தனை என்று கணக்கே இல்லை. அரசு பஸ்ஸில் போனால் அதுவும் வேண்டாம். ரோட்டோரத்தில் நின்றபடி என் மகள் எடுத்து முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பசுமை வரியும் அப்படித்தான். அது தலைவரி இல்லை. ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுபோனால் பாட்டிலுக்கு 20 ரூபாய். எங்களிடம் இருந்தது எவர்சில்வர் கூஜா.

இந்தக் கூத்து நடக்கும்போது டிரைவர் மரத்தடியில் நின்று யாரிடமோ போனில் சீரியஸாகப் பேசிக்கொண்டிருந்தார். காவலர் ஒருவர் அம்மாவிடம் “இவரு உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டார். அம்மா யோசித்து, “நாலு மணிக்கு வந்தாரு” என்றார்.

என்ன நினைத்தாரோ, எச்சரித்து விட்டுவிட்டார்.

மேலே போனால் ஒரே பனிமூட்டம். அதற்கு டிராவல்ஸ்காரரைக் குறை சொல்ல மாட்டேன், ஐப்பசி அப்படித்தான். வெள்ளி அருவியில் மட்டும் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. தூண் பாறையில் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் வெள்ளையைப் பார்த்தோம். அம்மா சுட்ட சோளத்தைக் கடித்துக்கொண்டே, “வீட்டுலயும் ஒண்ணும் தெரியல, இங்கயும் ஒண்ணும் தெரியல. ஆனா இங்க இருமல் வரல” என்றார். அந்த ஒன்றுக்காகப் போனது நல்லதுதான்.

ஏரியில் படகு ஏற நேரம் இல்லை என்ற டிரைவருக்கு, அவருக்குத் தெரிந்த கடையில் முக்கால் மணி நேரம் நிறுத்த நேரம் இருந்தது. அங்கே மலைப்பூண்டு என்று கிலோ 500-க்கு வாங்கினோம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதன் காரமே தனி. இது வீட்டில் உரித்தபோது கையில் வாசனைகூட ஒட்டவில்லை.

ராத்திரி பத்தரைக்கு வாசலில் இறங்கினால், “மலை ஏத்தம் ஆயிரம், நைட் பேட்டா எண்ணூறு” என்று கை நீட்டினார். எல்லாம் சேர்த்துத்தான் பேசினோம் என்றேன். “அது ஓனர்கிட்ட, இது எனக்கு” என்றார். தெருவில் சத்தம் வேண்டாம் என்று 1,800-ஐயும் கொடுத்தேன். அந்நேரத்தில் கொடுத்திருக்கக் கூடாது.

மறுநாள் ஓனரைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகார் பதிந்தேன். ரோஜாப்பூ பாஸ், ஜிபே ரசீது, வண்டி எண் தெரியும் படம் எல்லாவற்றையும் வைத்து ஆர்டிஓ ஆபீசிலும் எழுதிக் கொடுப்பேன் என்று மெசேஜ் போட்ட பிறகு 1,000 ரூபாய் திரும்பி வந்தது. இ-பாஸ் காசு மட்டும். கூடவே, ‘ஏஜென்ட் மிஸ்டேக் சார், ரேட்டிங் மட்டும் கொறச்சுப் போட்டுறாதீங்க’.

வளவுக் கல் நன்றாக அமைந்துவிட்டது. நேற்று அதில் கால் நீட்டி உட்கார்ந்து போனைப் பார்த்தால், அவர் ஸ்டேட்டஸில் அதே ஊதா மலை. மேலே எழுத்து மட்டும் மாறியிருக்கிறது: ‘கார்த்திகை குறிஞ்சி ஸ்பெஷல், இ-பாஸ் நாங்களே எடுத்துத் தருகிறோம்.’