கார்ட்டூன் நெட்வொர்க்: ஒரு நெடுநாள் பார்வையாளரின் அனுபவம்

1995 மே 1 அன்று இந்தியாவுக்கு வந்த கார்ட்டூன் நெட்வொர்க்கை ஏறக்குறைய அப்போதிலிருந்தே பார்த்து வருகிறேன். அதன் காலகட்டங்களை லோகோவை வைத்துப் பிரிப்பது ரசிகர்களின் வழக்கம். என்னைக் கேட்டால், லோகோ மாறியதைவிட, கார்ட்டூன்களை யார் உருவாக்கினார்கள் என்பது மாறியதுதான் பெரிய மாற்றம்.

லோகோவின் எழுத்துகள் கறுப்பு வெள்ளைக் கட்டங்களுக்குள் அமர்ந்திருந்த தொடக்க காலத்தில் சேனலிடம் சொந்தச் சரக்கு குறைவு. சேனலின் உரிமையாளரான டர்னர் நிறுவனம் 1991-இல் ஹன்னா-பார்பெரா கார்ட்டூன் ஸ்டுடியோவை வாங்கியிருந்ததால், ஸ்கூபி டூவும் ஃப்ளின்ட்ஸ்டோன்ஸும், டர்னரிடம் ஏற்கெனவே இருந்த பழைய டாம் அண்டு ஜெர்ரியும் சளைக்காமல் ஓடின. கார்ட்டூனுக்கான நேரம் முடிந்ததும் அதே சேனல், டர்னரின் இன்னொரு சேனலான டிஎன்டியாக மாறி, பழைய ஹாலிவுட் படங்களைப் போடத் தொடங்கிவிடும். போர் விமானம் ஓட்டும் இரண்டு பூனைகளின் கதையாக வந்து, இரண்டு சீசன்களோடு நின்றுபோன ஸ்வாட் கேட்ஸ், இங்கே மறுஒளிபரப்பிலேயே ஒரு தலைமுறையைக் கட்டிப்போட்டது.

என் கணக்கில் பொற்காலம் அதற்கு அடுத்தது. 1996-இல் டெக்ஸ்டர்ஸ் லேபரட்டரி, 1998-இல் பவர்பஃப் கேர்ள்ஸ், 1999-இல் கரேஜ் என்று, இளம் ஓவியர்களின் கைக்குச் சேனல் போன காலம் அது. யாரும் வந்து போகாத வெட்டவெளியில் ஒற்றை வீடு, எரிந்துவிழும் கிழவர், எதையும் கவனிக்காத பாட்டி, நடுங்கிக்கொண்டே இருவரையும் காப்பாற்றும் இளஞ்சிவப்பு நாய் என அமைந்த கரேஜ், குழந்தைகளைப் பயமுறுத்துவதற்கு அஞ்சவில்லை. இன்று அப்படியொரு தொடருக்கு அனுமதி கிடைக்குமா என்பது சந்தேகமே.

2000-க்குப் பின் போக்கிமான், பேபிளேட், டிராகன் பால் இசட் என ஜப்பானிய அலை அடித்தது. தமிழ் ஒலியும் வந்து சேர்ந்ததால், அதுவரை படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த வீடுகளிலும் வசனத்துக்குச் சிரிப்பு எழுந்தது. கைக்கடிகாரத்தால் வேற்றுகிரகவாசியாக உருமாறும் சிறுவனின் கதையாக 2005-இல் அமெரிக்காவில் தொடங்கிய பென் 10, பொம்மைக் கைக்கடிகார வியாபாரத்தோடு சேர்ந்தே வளர்ந்தது. விறுவிறுப்பாக இருந்தாலும் எனக்கு அது ஒட்டவில்லை. 2008-இல் சோட்டா பீம் வந்தபோது, உள்ளூர்க் கதைகளுக்கான கூட்டம் சகோதரச் சேனலான போகோ பக்கம் திரும்பியது.

பிந்தைய தொடர்களில் நான் விடாமல் பார்ப்பது 2011-இல் வந்த ‘தி அமேசிங் வேர்ல்ட் ஆஃப் கம்பால்’ ஒன்றைத்தான். நிஜப் புகைப்படங்களைப் பின்னணியாக வைத்து, அதன்மேல் கோட்டோவியப் பூனையையும் கால் முளைத்த மீனையும் ஓடவிடும் துணிச்சலில், டெக்ஸ்டர் காலத்துக் குறும்பு இன்னும் தெரிகிறது.