சம்பள விவரத்தை யார் பார்க்கலாம்? ஆக்சஸ், எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ், போஸ்ட்கிரெஸ்: ஓர் அலசல்

கோவை, மதுரை, திருச்சியில் கிளைகள் வைத்து வண்டி உதிரிபாகம் விற்கும் ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். டேட்டாபேஸ் ஒன்றுதான். மதுரைக்காரர் மதுரை விற்பனையை மட்டும் பார்க்க வேண்டும். ஊழியர்களின் பெயரும் போன் நம்பரும் எல்லாருக்கும் தெரியலாம்; சம்பளம் மட்டும் கணக்குப் பிரிவைத் தாண்டக் கூடாது. சின்ன அலுவலகங்கள் பெரும்பாலும் கேட்பது இவ்வளவுதான். இதை எதில் செய்வது என்று பார்க்கும்போது நான் கேட்கும் கேள்வி ஒன்றே: நாம் செய்து கொடுத்த திரையை விட்டுவிட்டு வேறு வழியாக உள்ளே வந்தாலும் அந்தத் தடை நிற்குமா?

முதலில் ஆக்சஸ், மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸோடு வரும் டேட்டாபேஸ் மென்பொருள். பழைய எம்டிபி வகை ஃபைல்களில் ஆள்வாரியாக, குழுவாரியாக அனுமதி தரும் வசதி இருந்தது. 2007-இல் ஏசிசிடிபி வடிவம் வந்தபோது புது ஃபைல்களுக்கு அது இல்லாமல் போனது. இப்போது மிஞ்சியிருப்பது முழு ஃபைலுக்கும் சேர்த்து ஒரே பாஸ்வேர்டு. அது தெரிந்தவருக்கு எல்லாம் தெரியும்.

அதனால் பலரும் செய்வது, லாகின் ஃபார்ம் ஒன்றைப் போட்டு, ஆளுக்குத் தகுந்தபடி பட்டன்களை மறைப்பது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு திறந்தால் அந்த ஃபார்ம் வராமலே உள்ளே போய்விடலாம். அதை அடைக்கவும் வழி உண்டு. ஃபார்ம் ஃபைலை ஏசிசிடிஈ (கோடிங்கைத் திறக்க முடியாத வடிவம்) ஆக்கிக் கொடுத்தால் கோடிங்கிலும் கைவைக்க முடியாது. ஆனால் சிக்கல் ஃபார்மில் இல்லை. டேபிள்கள் உள்ள ஃபைல் ஷேர்டு ஃபோல்டரில் கிடக்கிறது. ஆக்சஸ் வேலை செய்ய வேண்டுமானால் அந்த ஃபோல்டரில் படிக்கவும் எழுதவும் எல்லாருக்கும் அனுமதி வேண்டும், ஏனென்றால் யார் எதைப் பயன்படுத்துகிறார் என்று குறித்துவைக்கும் லாக் ஃபைல் அங்கேதான் உருவாகிறது. ஆக, மதுரைக்காரர் எக்செல்லைத் திறந்து, டேட்டா மெனுவில் ஆக்சஸ் டேட்டாபேஸைத் தேர்ந்தெடுத்து, அந்த ஃபைலைக் காட்டினால் போதும். ஊழியர் டேபிள் சம்பளத்தோடு வந்து விழும். பாஸ்வேர்டு போட்டிருந்தால்? இணைப்பு வேலை செய்ய அந்தப் பாஸ்வேர்டு ஒவ்வொருவர் கணினியிலும் உள்ள ஃபார்ம் ஃபைலில், இணைத்த டேபிளின் விவரத்திலேயே வெறும் எழுத்தாகக் கிடக்கும். தேடத் தெரிந்தவர் எடுத்துவிடுவார்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். மறைக்க வேண்டியது சம்பளம் மட்டும்தான் என்றால், அந்த டேபிளைத் தனி ஃபைலாக்கி, கணக்குப் பிரிவுக்கு மட்டும் விண்டோஸ் அனுமதி உள்ள வேறு ஃபோல்டரில் வைத்தால் தடை உண்மையாகவே நிற்கும். நாலைந்து பேர் உள்ள இடத்துக்கு அதுவே போதும், சர்வர் எல்லாம் வேண்டாம். கிளைவாரியாக விற்பனையைப் பிரிப்பதற்கும் இதே வழியில் போனால், மூன்று ஃபைலையும் ஒட்டி ரிப்போர்ட் எடுப்பதே தலைமை அலுவலகத்துக்குத் தனி வேலையாகிவிடும்.

எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ், மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் சர்வரின் சிறிய பதிப்பு, இலவசம். 2008 ஆர்2 முதல் 2022 வரையிலான பதிப்புகளில் ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி வரம்பு உண்டு. ஆக்சஸின் 2 ஜிபியோடு ஒப்பிட்டால் தாராளம். பெரிய வசதி, ஆக்சஸில் செய்த ஃபார்ம், ரிப்போர்ட் எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு டேபிள்களை மட்டும் சர்வருக்கு மாற்றலாம். விண்டோஸ் லாகினே டேட்டாபேஸ் லாகினாகவும் இருக்கும். மதுரைக் கிளைக்கு ஒரு குழு, கணக்குப் பிரிவுக்கு ஒரு குழு. ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவருடைய விண்டோஸ் கணக்கை முடக்கினால் சரி. எக்செல் வழியாக வந்தாலும் சர்வர் அதே அனுமதியைத்தான் பார்க்கும்.

சம்பள நெடுவரிசைக்கு மட்டும் தடை போடலாம். ஆனால் அந்த டேபிளை முழுதாகக் கேட்கும் எந்த ஃபார்மும் பிழை காட்டி நின்றுவிடும். சம்பளம் இல்லாத ஒரு வியூ (டேபிளின் ஒரு பகுதியை மட்டும் காட்டும், சேமித்து வைத்த வினவல்) செய்து, அதற்கு மட்டும் அனுமதி கொடுப்பது நிம்மதி.

கிளைவாரியாகப் பிரிக்க, வரிசை அளவிலான பாதுகாப்பு, அதாவது டேபிளின் எந்த வரிசைகள் யாருக்கு என்று சர்வரே பார்த்துத் தடுப்பது, 2016 பதிப்பில் வந்தது. அதன் முதல் சர்வீஸ் பேக்கிலிருந்து எக்ஸ்பிரஸிலும் கிடைக்கிறது. இதில் பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. வடிகட்டும் விதியை மட்டும் எழுதினால் மதுரைக்காரரால் கோவை விற்பனையைப் பார்க்க முடியாது, ஆனால் கோவையின் பெயரில் ஒரு பில்லைப் பதிவு செய்ய முடியும்! பதிந்ததும் அது அவர் கண்ணிலிருந்து மறைந்துவிடும். எழுதுவதைத் தடுக்கும் விதியைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

இன்னொரு இலவச டேட்டாபேஸ் சர்வரான போஸ்ட்கிரெஸில் இந்த வசதி 9.5 பதிப்பிலிருந்து இருக்கிறது. எனக்குப் பிடித்தது இதன் போக்குதான். பார்ப்பதற்கு எழுதிய விதியே, வேறு சொல்லாதவரை, எழுதுவதற்கும் பொருந்தும். மேலே சொன்ன கோவை பில் கூத்து இங்கே தானாக நடக்காது. டேபிளில் பாதுகாப்பை இயக்கிவிட்டு விதி எதுவும் எழுதவில்லை என்றால் ஒரு வரிசையும் வராது. பிழைச் செய்தியும் வராது. டேட்டா எல்லாம் அழிந்துபோய்விட்டது என்று கிளையிலிருந்து பதறிப்போய் போன் வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

இதற்கும் ஒரு பொறி உண்டு. டேபிளின் உரிமையாளருக்கும் சூப்பர்யூசருக்கும் (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகி லாகின்) இந்த விதிகள் இயல்பாகப் பொருந்தாது. டேபிளை உருவாக்கிய அதே லாகினில் சோதித்துப் பார்த்தால் எல்லாமே தெரியும், விதி சரியா தவறா என்று புரியாது. மதுரைக்காரரின் லாகினில் போய்த்தான் சோதிக்க வேண்டும். வியூக்களும் அதைச் செய்தவரின் உரிமையோடுதான் ஓடும். அழைப்பவரின் உரிமையோடு ஓட வைக்கும் வசதி 15-ஆம் பதிப்பில்தான் வந்தது. இன்னொரு பிரபல டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல்லில் வரிசைப் பாதுகாப்பே கிடையாது, வியூக்களை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். அதனால் இந்தப் போட்டியில் அதைச் சேர்க்கவில்லை.

விண்டோஸ் நெட்வொர்க்கும் பழகிய ஆக்சஸ் ஃபார்ம்களும் இருக்கும் அலுவலகத்துக்கு என் ஓட்டு எக்ஸ்பிரஸுக்கு. புதிதாக வெப் அப்ளிகேஷன் எழுதப் போகிறவர்கள், லினக்ஸ் சர்வர் வைத்திருப்பவர்கள் போஸ்ட்கிரெஸை எடுக்கலாம். அளவு வரம்பைப் பற்றிய கவலையும் இருக்காது.

எதை எடுத்தாலும், எல்லாக் கணினிக்கும் ஒரே பொது லாகினைக் கொடுத்து இணைத்தால் இவ்வளவும் வீண். சர்வருக்கு எல்லாரும் ஒரே ஆள்தான். எஸ்கியூஎல் சர்வரின் நிர்வாகி லாகினான "எஸ்ஏ"-வை இணைப்பிலேயே எழுதி வைத்துவிட்டு, யார் எதைப் பார்க்கலாம் என்று ஃபார்மில் சரிபார்ப்பது இன்றும் சகஜம். அது பழைய ஆக்சஸ் கதையேதான், சர்வர் மட்டும் புதிது.

அப்புறம் பேக்கப். எக்ஸ்பிரஸில் எடுக்கும்போதே பேக்கப்பைக் குறியாக்கம் செய்யும் வசதி இல்லை. போஸ்ட்கிரெஸின் பேக்கப்பான டம்ப்பும் சாதாரண ஃபைல்தான். அதைக் கொண்டுபோய்த் தன் கணினியில் ஏற்றுகிறவர் அங்கே அவரே நிர்வாகி. எந்த விதியையும் நிறுத்திவிடலாம். அதனால் பேக்கப் ஃபோல்டரில் யார் யாருக்கு அனுமதி இருக்கிறது என்பதையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள். பல இடங்களில் அது "எவ்ரிஒன்", அதாவது எல்லாருக்கும், என்றே இருக்கும்.