கல்லால் தட்டுவதா, மான்கொம்பால் தட்டுவதா?

சிக்கிமுக்கிக் கல்லில் கைக்கோடரி (கைப்பிடி இல்லாமல் கையிலேயே பிடித்து அறுக்கும் கல்லாயுதம்) செய்ய ஆதிமனிதர்களுக்கு முக்கியமாக இரண்டு வகைச் சுத்தியல் இருந்தது: கூழாங்கல், இல்லாவிட்டால் மான்கொம்பின் அடித்துண்டு. எது எதற்கு உதவியது என்பதைத் தரையில் கிடக்கும் கழிவே காட்டிக்கொடுத்துவிடும்.

கூழாங்கல்லில் வேகம் உண்டு. விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி ஓங்கித் தட்டினால் தடித்த சில்லு ஒன்று பெயர்ந்து விழும். அடி விழுந்த இடத்துக்குக் கீழே, தடவினாலே தெரிகிற புடைப்பு இருக்கும். சுண்ணாம்பு வெள்ளைத் தோலை உரித்து முரட்டு உருவம் கொடுக்க இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. மெலிதாக்கப் போனால்தான் வம்பு. அடி பிசகினால் கோடரியே இரண்டாகிவிடும்.

கொம்பு மென்மையானது. விளிம்பைக் கவ்விப் பிய்ப்பதுபோல வேலை செய்யும். சில்லு மெலிதாக, லேசாக வளைந்து வரும். புடைப்பு மங்கலாக இருக்கும், அடிபட்ட விளிம்பில் சின்ன உதடு துருத்தும். கோடரியின் அகலம் அவ்வளவாகக் குறையாமல் கனம் குறைவது இதனால்தான். ஆனால் விளிம்பை முதலில் தேய்த்து உறுதிப்படுத்த வேண்டும். கொம்பும் தேய்ந்துகொண்டே போகும்.

தெற்கு இங்கிலாந்தின் பாக்ஸ்குரோவில், சுமார் 5 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே மான்கொம்புச் சுத்தியல் புழக்கத்தில் இருந்தது. அங்கே கிடைத்த கொம்பில் சிக்கிமுக்கித் துணுக்குகள் இன்னும் குத்திக்கொண்டு நிற்கின்றன. அங்கேயே, குதிரை ஒன்றை அறுத்த இடத்தில் கிடந்த சில்லுகளை ஆய்வாளர்கள் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார்கள். நடுவே கைக்கோடரி வடிவில் ஒரு வெற்றிடம் வந்தது! செய்தவர் கோடரியை எடுத்துப் போய்விட்டார், கழிவு அச்சுபோல அப்படியே நின்றுவிட்டது.

சரி, ஒற்றைச் சில்லை வைத்து இது கல்லா கொம்பா என்று சொல்லிவிடலாமா? நான் சொல்ல மாட்டேன். மென்மையான சுண்ணாம்புக்கல்லால் தட்டினாலும் உதடு வைத்த சில்லு வரும். குவியல் முழுவதையும் பார்த்துத்தான் பேச வேண்டும்.

கோடரி நன்றாக வர வேண்டுமென்றால் என் ஓட்டு கொம்புக்கு. அவசரத்துக்கு இறைச்சி அறுக்க ஒரு கூரான சில்லு போதுமென்றால் கூழாங்கல்லே போதும். தூசியில் மட்டும் இரண்டும் ஒன்றுதான்: சிக்கிமுக்கிக் கல் பெரும்பாலும் சிலிக்கா. பிற்காலத்தில் துப்பாக்கியில் தீப்பொறி எழுப்ப இந்தக் கல்லைச் செதுக்கிய, இங்கிலாந்தின் பிராண்டன் ஊர்த் தொழிலாளிகளின் நுரையீரலை அந்தத் தூசிதான் தின்றது. இன்று செய்து பார்க்க நினைப்பவர்கள் கண்ணாடியும் முகக்கவசமும் இல்லாமல் உட்காரக் கூடாது, உட்காருவதும் திறந்தவெளியில்தான்.