டைடி அப்பா, கிளீன் அப்பா?

மேசை மேல் பென்சில்கள் சிதறிக் கிடக்கின்றன. புத்தகங்கள் சரிந்திருக்கின்றன. ஓரத்தில் மை கொட்டிப் பாதி காய்ந்திருக்கிறது. தமிழில் ‘மேசையைச் சுத்தம் செய்’ என்று ஒரே சொல்லில் வேலையைச் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் பென்சிலுக்கு ‘டைடி அப்’, மைக்குக் ‘கிளீன் அப்’. (தலைப்பைப் பார்த்து யாருடைய அப்பா என்று கேட்க வேண்டாம்.)

கலைந்ததை அடுக்கினால் டைடி அப். அழுக்கை அகற்றினால் கிளீன் அப். ஈரத்துணி தேவைப்பட்டால் பெரும்பாலும் இரண்டாவதுதான். அமெரிக்கர்கள் இந்தக் கோட்டை அவ்வளவாக மதிப்பதில்லை. கலைந்த அறையை ஒழுங்காக்கவும் கிளீன் அப் என்பார்கள், ‘பிக் அப்’ என்றும் சொல்வார்கள். டைடி அப் பிரிட்டிஷ் பேச்சில்தான் அதிகம் புழங்குகிறது.

இரண்டிலும் வரும் ‘அப்’ மேலே போவதைக் குறிப்பதில்லை. நம் ‘விடு’ என்ற துணைவினை செய்யும் வேலையை அது செய்கிறது: அடுக்கு, அடுக்கிவிடு, குடி, குடித்துவிடு. மிச்சம் வைக்காமல் முடி என்பதுதான் அதன் தொனி. இதைப் பிடித்துக்கொண்டால் ‘ஈட் அப்’, ‘டிரிங்க் அப்’ எல்லாம் தாமாகவே விளங்கும்.

எழுத்து வேலையில்தான் இந்த வேறுபாடு என்னைக் கடித்தது. ஒருமுறை என் கட்டுரையை ‘டைடி அப்’ செய்து தரச் சொன்னார்கள். நான் இரண்டு பத்திகளைத் தூக்கிவிட்டுப் புதிதாக எழுதிக் கொடுத்தேன். அவர்கள் கேட்டதோ காற்புள்ளிகளும் துணைத்தலைப்புகளும் சீராக இருக்க வேண்டும் என்பது மட்டுமே. டைடி அப் என்றால் சின்னத் திருத்தம். பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை இருக்கிறது, எண்கள் தவறாக இருக்கின்றன என்றால் அது கிளீன் அப்.

உருவகமாகப் பேசும்போது கிளீன் அப்புக்கே கை நீளம். ஊழல் மலிந்த நிர்வாகத்தைத் திருத்துவதும் அதுதான், ஒரு வியாபாரத்தில் பணத்தை அள்ளுவதும் அதுதான். டைடி அப் இந்தப் பக்கமே வராது. மேகம் விலகி வானம் வெளுத்தாலோ, தோலில் வந்த தடிப்பு மறைந்தாலோ இரண்டுமே உதவாது. அங்கே ‘கிளியர் அப்’ வர வேண்டும்.

சொல் வரிசையில் ஒரு கண்ணி உண்டு. ‘டைடி அப் தி ரூம்’, ‘டைடி தி ரூம் அப்’ இரண்டும் சரி. அறைக்குப் பதில் ‘இட்’ வந்துவிட்டால் அது நடுவில்தான் உட்காரும்: ‘டைடி இட் அப்’. ‘டைடி அப் இட்’ என்பது பிழை. கிளீன் அப்புக்கும் இதே விதிதான்.

வீட்டு வேலையில் ஐயம் வந்தால் நான் டைடி அப் பக்கமே சாய்வேன். ‘உங்கள் அறையைக் கிளீன் அப் செய்யுங்கள்’ என்றால் அறை அழுக்காக இருக்கிறது என்று சொன்னதுபோல் ஆகிவிடக்கூடும். அந்த மைக்கறைக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது.