ஹோஸ்ட் குடும்பமா, விடுதியா, ஷேரிங் வீடா: முதல் வருடம் எங்கே தங்குவது?

வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்து விசாவும் வந்துவிட்டால் அடுத்த தலைவலி தங்குமிடம். வழி மூன்றுதான். அந்த ஊர்க் குடும்பம் ஒன்றின் வீட்டில் ஒரு அறையை எடுத்துக்கொண்டு அவர்களோடே இருப்பது, அதாவது ஹோம்ஸ்டே. பல்கலைக்கழக விடுதி. அப்புறம், நாலைந்து மாணவர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுக்கும் ஷேரிங் வீடு. நான் இந்த மூன்றிலும் இதே வரிசையில் இருந்து பார்த்தவன். நடுநிலையாக எழுதப் போகிறேன் என்று சொல்லமாட்டேன், எனக்கு ஒரு கட்சி உண்டு, போகப் போகத் தெரியும்.

முதலில் போய் இறங்கும் நாளைப் பார்ப்போம். அன்றைக்கு ஹோம்ஸ்டேயை அடித்துக்கொள்ள ஆளில்லை. விரித்த படுக்கை, வைஃபை பாஸ்வேர்டு, நாளைக்கு எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்று சொல்ல ஒரு ஆள், எல்லாம் தயாராக இருக்கும். விடுதியில் சாவி தரும் அலுவலகம் திறந்திருக்கிற நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். சனிக்கிழமை நள்ளிரவு விமானத்தில் வருகிறவர்கள் இதை டிக்கெட் போடும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பல விடுதிகளில் மெத்தை மட்டும்தான் இருக்கும், போர்வையும் தலையணையும் உங்கள் பாடு. ஷேரிங் வீட்டுக்கோ, கண்ணால் பார்க்காத இடத்துக்கு இங்கிருந்தே அட்வான்ஸ் அனுப்ப வேண்டிவரும். அது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. போலி விளம்பரம் போட்டுப் பணம் பறிக்கிறவர்கள் குறிவைப்பதே இன்னும் ஊர் வந்து சேராத மாணவர்களைத்தான்.

இறங்கும் நாளைப் போய் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறானே என்று தோன்றலாம். நியூசிலாந்துக்குப் படிக்கப் போன ஜப்பானிய மாணவர்களை காலீன் வார்ட் என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் வந்த நாள் தொடங்கி ஒரு வருடம் வரை தொடர்ந்து கவனித்து 1998இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மன அழுத்தம் அதிகமாக இருந்தது வந்திறங்கிய சமயத்தில்தான், போகப் போகக் குறைந்தது என்று அதில் தெரிந்தது. முதல் சில வாரம் ஜாலியாக இருக்கும், கஷ்டம் பிறகுதான் வரும் என்று நாம் நினைப்பதற்கு இது நேர் எதிர்.

அடுத்தது மொழி. ஹோம்ஸ்டேக்கு ஆள் பிடிக்கிறவர்கள் எல்லாரும் சொல்வது இதைத்தான்: குடும்பத்தோடு இருந்தால் மொழி தானாக வந்துவிடும். தானாக எதுவும் வராது. ரஷ்யாவில் போய்ப் படித்த அமெரிக்க மாணவர்களின் தேர்வு முடிவுகளை வில்லியம் ரிவர்ஸ் என்பவர் அலசி, அதே 1998இல் எழுதிய கட்டுரையில், ஹோம்ஸ்டேயில் இருந்தவர்கள் பேச்சில் விடுதி மாணவர்களை விடக் குறைவாகத்தான் முன்னேறினார்கள் என்று காட்டினார். வாசிப்பில் மட்டும் அவர்கள் ஒரு படி மேலே. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை, ஏனென்றால் நானும் அப்படித்தான் இருந்தேன். முதல் மாதம் முழுக்க, சாப்பிட்டு முடித்ததும் நன்றி சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஊருக்கு வீடியோ கால் பேசியவனுக்கு எங்கிருந்து மொழி வரும்? பாத்திரம் துடைக்க ஒரு நாள் போய் நின்றதில்தான் பேச்சு ஆரம்பித்தது. கையில் வேலை இருக்கும்போது தப்புத் தப்பாகப் பேசுவதற்குக் கூச்சம் வருவதில்லை. எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துப் பேசு என்றால்தான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

விடுதியில் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே பேசுவது வெளிநாட்டு மாணவர்களுக்குள் புழங்கும் ஒரு கலப்பு ஆங்கிலம். வகுப்புக்கு அது போதும். பக்கத்து வீட்டுப் பெரியவரோடு, மருத்துவரோடு, வங்கிக்காரரோடு பேசுவதற்கு அது உதவாது. ஷேரிங் வீட்டில் யாரோடு சேருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நம் மொழிக்காரர்களோடே சேர்ந்தால் மனசுக்கு இதம், மொழிக்குப் பூஜ்யம். அதற்காக அதைக் குறை சொல்லவில்லை, சில வருடங்களில் மனசுக்கு இதமும் தேவைப்படும்.

சரி, சுதந்திரம். ஹோம்ஸ்டேயை வேண்டாம் என்கிறவர்கள் எல்லாரும் இதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. குளியலறையை இத்தனை மணிக்குள் விட வேண்டும், துணி துவைக்க வாரத்தில் இந்த நாள், நண்பர்களைக் கூட்டிவர அனுமதி கேட்க வேண்டும், தாமதமானால் தகவல் சொல்ல வேண்டும். இருபது வயதுக்கு மேல் இதெல்லாம் எரிச்சலைக் கிளப்பும். ஒரு நாள் போனில் சார்ஜ் தீர்ந்து, சொல்லாமல் கொள்ளாமல் நடுராத்திரி வீடு திரும்பினேன். அந்த வீட்டு அம்மா ஹாலில் விளக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தார். திட்டவில்லை. மூடிவைத்த தட்டைக் காட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். அன்றைக்கு எனக்கு அவமானத்தை விடக் கோபம்தான் அதிகம், நான் என்ன குழந்தையா என்று. அடுத்த வருடம் விடுதி அறையில் இரண்டு நாள் காய்ச்சலோடு படுத்துக் கிடந்தபோது கதவை ஒருவரும் தட்டவில்லை. தட்டவேண்டிய கடமை யாருக்கும் இல்லைதானே. கோபம் அன்றைக்குத்தான் போனது.

எல்லா ஹோஸ்ட் வீடும் அந்த வீடு மாதிரி இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். அறையை வாடகைக்கு விட்டது போல நடந்துகொள்ளும் வீடுகளும் உண்டு. பணம் வாங்குவது தப்பில்லை, பெரும்பாலான ஹோம்ஸ்டே காசு கொடுத்துத் தங்குவதுதான். அமெரிக்காவில் ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் வரும் பள்ளி மாணவர்களை வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் மட்டும் அதற்குப் பணம் வாங்கக்கூடாது என்று விதியே இருக்கிறது. எதுவானாலும் ஒத்துக்கொள்ளும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: எத்தனை வேளை சாப்பாடு, சமையலறையில் நான் சமைக்கலாமா, துணி துவைப்பது சேர்த்தியா, கல்லூரிக்குப் போக எவ்வளவு நேரம். முக்கியமாக, வீட்டில் வேறு மாணவர்கள் எத்தனை பேர். ஒரே வீட்டில் நாலு மாணவர் என்றால் அதை மினி விடுதி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு இந்தத் தேர்வே அவ்வளவாகக் கிடையாது. ஆஸ்திரேலியாவில் மாணவர் விசாவுக்கே, யார் பொறுப்பில் தங்குவார்கள் என்று காட்ட வேண்டும். இங்கிலாந்தில் 16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை நெருங்கிய உறவு இல்லாத வீட்டில் 28 நாளோ அதற்கு மேலோ தங்கினால் உள்ளாட்சி மன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

காகித வேலை என்று வந்தால் ஷேரிங் வீடுதான் படுத்தி எடுக்கும். ஜெர்மனியில் குடியேறி இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீடு கொடுத்தவரின் கையெழுத்திட்ட சான்று தேவை. உள்வாடகைக்கு விடுகிறவர்கள் சிலர் அதைத் தரமாட்டார்கள், பதிவு இல்லாமல் வங்கிக் கணக்கிலிருந்து பல வேலைகள் இழுபறியாகும். ஒப்பந்தம் கூட்டாகப் போட்டிருந்தால் இன்னொரு சிக்கல்: ஒருவர் பாதியில் ஓடிப்போனால் அவர் பங்கு வாடகை பல இடங்களில் மற்றவர்கள் தலையில் விழும்.

என் கட்சி இங்கேதான் வருகிறது. தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் வெளியே வருவது எதில் சுலபம்? விடுதி ஒப்பந்தம் பெரும்பாலும் கல்வியாண்டு முழுவதுக்கும், ஷேரிங் வீடு ஆறு மாதமோ ஒரு வருடமோ. ஹோம்ஸ்டேயில் பொதுவாகச் சில வாரம் முன்னால் சொன்னால் போதும். அதனால் புது மொழி, புது ஊர், தெரிந்தவர் யாரும் இல்லை என்றால் முதல் மூன்று மாதம் ஹோஸ்ட் குடும்பம், பிறகு நேரில் பார்த்து ஷேரிங் வீடு. மொழிப் பிரச்சினை இல்லாதவர், ஏற்கனவே தனியாக இருந்து பழகியவர் என்றால் நேராக விடுதிக்குப் போங்கள். ராத்திரி ஆய்வகத்தில் கிடக்கப் போகிறவர்களும் அப்படியே, இல்லாவிட்டால் அந்தக் குடும்பத்துக்கும் நிம்மதி இருக்காது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அமெரிக்கா போய்வந்த நார்வே உதவித்தொகையாளர்களைப் பற்றி ஸ்வெர்ரே லிஸ்கார்ட் என்ற ஆய்வாளர் 1955இல் எழுதிய ஆய்வில், ஆறு மாதத்துக்கு மேல் பதினெட்டு மாதம் வரை தங்கியவர்கள்தான் ஒட்ட முடியாமல் அதிகம் திணறினார்கள். வார்டின் முடிவோடு இது ஒத்துப்போகவில்லைதான். ஆனால் என் விஷயத்தில் இரண்டுமே நடந்தது. இரண்டாவது சரிவு வந்தபோது நான் வீடு மாறி வெகு நாள் ஆகியிருந்தது. ஆகவே சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போதே எப்போதாவது வந்து பார்க்கலாமா என்று கேட்டுவிடுங்கள். எனக்குக் கேட்கத் தயக்கமாக இருந்தது. அந்த அம்மாதான், வாசல்வரை வந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு வருகிறாய் என்று கேட்டார்.