கோத்தகிரி ‘பதவி துறப்பு’ முகாம்: கட்டணத்துக்குத் தகுமா?

கோத்தகிரியிலிருந்து கோடநாடு செல்லும் சாலையில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு தங்கும் விடுதி வார இறுதிகளில் ஒரு முகாம் நடத்துகிறது. வேலையையே தம் முழு அடையாளமாக்கிக்கொண்டு அதிலிருந்து மீள முடியாமல் தவிப்பவர்களுக்கானது என்று விளம்பரம் செய்கிறார்கள். வெள்ளி மாலை தொடங்கித் திங்கள் காலை வரை எந்த நிறுவனம், என்ன பதவி என்று யாரும் சொல்லவோ கேட்கவோ கூடாது என்பது முதல் விதி. ஆனால் அவர்களுடைய முன்பதிவுப் படிவத்தில் தொழில், பதவி, நிறுவனம் ஆகிய மூன்றையும் நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கே போக முடியாது. பொறுப்பாளரிடம் இதைச் சொன்னபோது, “பழைய ஃபார்ம் சார், மாத்தணும்” என்றார்.

அறைகளில் குறையில்லை. வெந்நீர் வருகிறது, கம்பளி கனமானது, இரவுச் சாப்பாட்டில் வந்த அவரைக்குழம்பை எல்லோரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். கட்டணம் மட்டும் அதே சாலையில் உள்ள மற்ற விடுதிகளைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு என்பதால், கூடுதலாகக் கொடுக்கும் பணம் எதற்கு என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

முதல் இரவு உணவு மேசையில் பேச்சு நகரவே இல்லை. நம் பக்கத்தில் இருவர் சந்தித்தால் எந்த ஊர் என்று கேட்ட மறுநொடி ‘என்ன பண்றீங்க’ என்பதுதான் வரும். அதைத் தடுத்துவிட்டால் மழையையும் மலைப்பாதை வளைவுகளையும் பற்றி எவ்வளவு நேரம்தான் பேசுவது? ‘சார்’, ‘மேடம்’ கூடாது, பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும் என்று இன்னொரு விதியும் இருந்தது. அறுபதைக் கடந்த ஒருவரைப் பெயர் சொல்லி அழைக்க இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு எப்படி வாய் வரும்? மறுநாள் காலைக்குள் அண்ணா, அக்கா, ஐயா என்று தாமாகவே மாறிவிட்டார்கள். அதன் பிறகுதான் மேசையில் சிரிப்பு கேட்டது. நடத்துபவர்கள் திட்டமிடாமலே நடந்த இதைத்தான் முகாமின் உருப்படியான பலன் என்பேன்.

திட்டமிட்டவற்றில் சிறந்தது சனிக்கிழமைப் பயிற்சி. மேன்ஃபோர்ட் கூன், தாமஸ் மெக்பார்ட்லேண்ட் என்ற இரு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 1954-ல் வெளியிட்ட சோதனை அது: ‘நான் யார்’ என்ற ஒரே கேள்விக்கு இருபது விடைகள் எழுத வேண்டும். இங்கே அதில் வேலையைக் குறிப்பிடக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு சேர்த்திருக்கிறார்கள். எனக்கு அருகில் இருந்த அம்மையார் தம் பதவியை எழுதி, அடித்து, ‘அம்மா’, ‘மூத்த மகள்’, ‘கோலம் நன்றாகப் போடுவேன்’ என்று எழுதியபின் பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் இருந்தார். பிறகு, “பொண்ணு ப்ளஸ் டூல எடுத்த மார்க்கைச் சேர்க்கலாமா?” என்று கேட்டார். அறையே சிரித்தது, அவரும் சிரித்தார். ஆனால் பதவியில் வைத்திருந்த மதிப்பை அப்படியே பிள்ளையின் மதிப்பெண்ணுக்கு மாற்றிவிடும் பழக்கத்தைப் பற்றிப் பேச அதைவிட நல்ல வாய்ப்பு கிடைத்திருக்காது. பயிற்சியாளர் அதைக் கைவிட்டுவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போனார்.

அந்த ஸ்லைடில் பட்ரீசியா லின்வில் என்ற உளவியலாளர் 1980களில் முன்வைத்த கருத்து இருந்தது: தம்மைப் பல முகங்கள் கொண்டவராகக் காண்பவர், ஒன்றில் அடி விழும்போது குறைவாகவே நொறுங்குவார். எல்லோரும் குறித்துக்கொண்டோம். அம்முகங்கள் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும் என்பது அக்கருத்தின் பாதி, அதைத்தான் சொல்லவில்லை. அலுவலக நண்பர்களோடு ஓடி, அவர்களோடே பாட்மின்டன் ஆடி, அவர்கள் வீட்டு விசேஷங்களுக்கு மட்டுமே செல்பவருக்கு மூன்று முகங்கள் இருப்பதுபோல் தோன்றினாலும், வேலை போன அன்றே மூன்றும் போய்விடும்.

இந்த ஓட்டையை நிரப்பக்கூடியவர் விடுதியிலேயே இருக்கிறார். தோட்டத்தைப் பராமரிக்கும் பெரியவர், ஊட்டி இந்து நகரில் 1960-ல் நிறுவப்பட்டு 1967-ல் உற்பத்தியைத் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலையில் வேலை செய்தவர். ஃபிலிமுக்குப் பூச்சு பூசுவது இருட்டில் செய்யும் வேலை என்பதால், உடன் வேலை பார்த்தவர்களைக் குரலை வைத்தே அடையாளம் கண்டதாகச் சொன்னார். டிஜிட்டல் கேமரா வந்து ஆலை மூடப்பட்டபின், “ஊட்டி மார்க்கெட் பக்கமே போகல தம்பி. ‘ஹெச்.பி.எஃப்.காரரு வர்றாரு’ன்னு சொன்ன வாய் இப்ப என்ன சொல்லும்னு தெரியலயே” என்றார். ஆஸ்திரியாவின் மரியந்தால் என்ற ஊரில் நூலாலை மூடப்பட்டபின் 1930களின் தொடக்கத்தில் சமூக உளவியலாளர் மேரி யஹோதாவும் உடன் ஆய்வாளர்களும் கண்டதும் இதுதான்: வேலையற்றவர்களுக்கு நேரம் மிஞ்சிக்கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்தது, தெருவில் ஆண்களின் நடை தளர்ந்தது. சம்பளத்தோடு சேர்த்து நாளுக்கு ஓர் ஒழுங்கையும் நாலு பேர் பழக்கத்தையும் வேலை தந்துகொண்டிருந்தது என்று யஹோதா பின்னர் விளக்கினார். ‘நீங்கள் உங்கள் வேலை அல்ல’ என்று மூன்று நாள் ஓதும் முகாம், இவற்றை வேறெங்கே தேடுவது என்பதற்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்கவில்லை. பெரியவர் இப்போது ஊர்க்கோயில் கணக்கைப் பார்க்கிறார், அக்கம்பக்கத்து இரண்டு தெருக்களின் பிள்ளைகளுக்குக் கேரம் சொல்லித்தருகிறார். அவரைப் பேச வைத்திருந்தாலே போதும்.

ஞாயிறு காலை நடையில், கொழுந்து பறிக்கும் பெண்களைக் காட்டி, ‘இவர்களுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை’ என்று பயிற்சியாளர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. எஸ்டேட்டில் வேலையோடு சேர்ந்து வருவது லைன் வீடு, அதாவது நிர்வாகம் தரும் வரிசை வீடு. வேலை முடிந்தால் வீட்டையும் காலி செய்ய வேண்டியிருக்கும். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காகத் தமிழக அரசு தொடங்கிய டான்டீ தேயிலைத் தோட்டங்களிலும் ஓய்வுபெற்றவர்களுக்கு இதே பிரச்சினைதான். வேலையிலிருந்து தம்மைப் பிரித்துப் பார்ப்பதென்றால் அவர்களுக்கு முதலில் வாசற்கதவு யாருடையது என்ற கேள்விதான் எழும்.

நல்ல வேலையில் இருந்துகொண்டே மூச்சுமுட்டுபவர்களுக்கு இந்த முகாமைத் தயங்காமல் சொல்வேன். வேலை இழந்தவர்களும், ஓய்வுபெற்று ஓராண்டு ஆகாதவர்களும் இப்போதைக்குத் தவிர்க்கலாம்; அவர்களுக்குத் தேவையானது இங்கே பாடத்திட்டத்தில் இல்லை. சொந்த வாகனத்தில் வந்தால் 2024 மே முதல் நடைமுறையில் உள்ள நீலகிரி இ-பாஸ் எடுத்தாக வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து அரசுப் பேருந்தில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவராதீர்கள், சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.