வி.ஏ. பென்ஷனும் மெடிகெய்டு நர்சிங் ஹோமும்: சேர்த்து வாங்கினால் கையில் என்ன மிஞ்சும்?

முதலில் ஒரு சொல் தகராறு. நம்மூரில் நர்சிங் ஹோம் என்றால் பத்துப் படுக்கை போட்ட தனியார் ஆஸ்பத்திரி. அமெரிக்காவில் அப்படியில்லை. தானாகக் குளிக்க, உடுத்த, சாப்பிட முடியாதவர்கள் மாதக்கணக்கில், பலர் கடைசிவரை, தங்கும் பராமரிப்பு இல்லம் அது. சேமிப்பு கரைந்ததும் அங்கே பில் கட்ட வருவது, வசதி குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவித் திட்டமான மெடிகெய்டு. முன்னாள் படைவீரர் என்றால், படைவீரர் நலத்துறையான வி.ஏ. தரும் 'எய்டு அண்ட் அட்டெண்டன்ஸ்' பென்ஷனும் உண்டு; அன்றாட வேலைக்கே பிறர் துணை தேவைப்படுபவர்களுக்கு அடிப்படைப் பென்ஷனை உயர்த்தித் தரும் தொகை அது. இரண்டும் தனித்தனியே நல்ல திட்டங்கள். ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் சேரும்போதுதான் கணக்கு மாறுகிறது. இந்த மதிப்பீடு அந்தச் சேர்க்கையைப் பற்றியது.

பென்ஷனை மட்டும் பார்த்தால் தாராளம்தான். 2025-ஆம் ஆண்டு விகிதப்படி தனியாளான வீரருக்கு ஆண்டுக்கு 28,300 டாலர் வரை, அதாவது மாதம் சுமார் 2,358. மனைவியோ கணவரோ இருந்தால் 33,548. வீரர் இறந்தபின் அவருடைய துணைக்கு 18,187. இது உச்சவரம்பு, இதிலிருந்து மற்ற வருமானத்தைக் கழித்து மீதியைத்தான் தருவார்கள். ஆனால் கைக்காசு போட்டுக் கட்டும் மருத்துவச் செலவை வருமானத்திலிருந்து முதலில் கழித்துக்கொள்ளலாம். நர்சிங் ஹோம் கட்டணம் வருமானத்தையே விழுங்கிவிடும் என்பதால் பலருக்கு முழுத்தொகையும் கிடைக்கும். போர்முனைக்குப் போயிருக்க வேண்டியதில்லை. போர்க்காலமாக அறிவிக்கப்பட்ட நாட்களில் ஒரு நாளாவது பணியில் இருந்திருந்தால் போதும். பழைய வீரர்களுக்கு மொத்தச் சேவை 90 நாள். 1980 செப்டம்பருக்குப் பின் சேர்ந்தவர்களுக்குப் பொதுவாக 24 மாதம்.

இனி கத்திரி. வீரருக்குத் துணையோ சார்ந்திருக்கும் பிள்ளையோ இல்லாமல், மெடிகெய்டு அவருடைய நர்சிங் ஹோம் செலவை ஏற்கத் தொடங்கினால், அந்த 2,358 டாலர் 90 டாலராகச் சுருங்கிவிடும். எழுத்துப் பிழை இல்லை, மாதம் தொண்ணூறுதான். பிள்ளை இல்லாத விதவைக்கும் இதே விதி. ஒரே ஆறுதல், அந்த 90-ஐ இல்லம் தொட முடியாது. மெடிகெய்டும் அதைக் காட்டித் தன் பங்கைக் குறைக்கக்கூடாது. சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியம் போன்ற மற்ற வருமானம் இல்லத்துக்குப் போகும். அதிலிருந்து மாநிலம் விட்டுவைக்கும் கைச்செலவுத் தொகை தனியாக வருமா, இந்த 90-லேயே அடங்கிவிடுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். மெடிகெய்டு அதிகாரியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது.

அப்படியானால் விண்ணப்பிப்பதே வீணா? இல்லை. விண்ணப்பித்த தேதிக்கும் மெடிகெய்டு தொடங்கும் தேதிக்கும் இடைப்பட்ட மாதங்களுக்கு முழு விகிதமே பொருந்தும். சொந்தப் பணம் கரைந்துகொண்டிருக்கும் அந்த ஆறேழு மாதத்தில்தான் இந்தப் பென்ஷன் தன் விலையைக் காட்டும். தமக்கு உரிய மற்ற உதவிகளைக் கேட்டு வாங்கும்படி விண்ணப்பதாரரைக் கட்டாயப்படுத்தும் விதியும் முன்பு மெடிகெய்டில் இருந்தது, 2024-ல் மத்திய அரசு அதை நீக்கியது. வி.ஏ. பென்ஷனும் அதில் அடக்கமாக இருந்தது.

துணை உயிரோடு இருந்தால் 90 டாலர் வெட்டு கிடையாது. ஆனால் இங்கே வேறொரு குழி. மெடிகெய்டு வந்ததும், கைக்காசாகக் கட்டிவந்த எட்டாயிரம், ஒன்பதாயிரம் டாலர் செலவு நின்றுபோகிறது. அந்தச் செலவைக் காட்டித்தான் பென்ஷன் உயர்ந்தது. செலவு போனால் பென்ஷனும் இறங்க வேண்டும். நோயாளியின் பங்காக இல்லத்துக்குத் தொடர்ந்து கட்டும் தொகையை மட்டுமே இனிச் செலவாகக் காட்டலாம். இதை வி.ஏ.வுக்கு உடனே எழுதித் தெரிவிக்காவிட்டால், ஓராண்டு கழித்து ஆயிரக்கணக்கில் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும். தனியாளுக்குச் சட்டம் காட்டும் சலுகை இவர்களுக்குக் கிடையாது: 90-க்குக் குறைக்க வி.ஏ. தாமதித்தால், வேண்டுமென்றே மறைத்திருந்தாலொழிய, கூடுதலாக வந்த பணத்தைத் தனியாள் திருப்பித் தர வேண்டாம்.

வருமானக் கணக்கிலும் ஒரு நுணுக்கம். மெடிகெய்டு தகுதி பார்க்கும்போது அடிப்படைப் பென்ஷன் வருமானம். எய்டு அண்ட் அட்டெண்டன்ஸுக்காகவும் மருத்துவச் செலவுக்காகவும் ஏறிய பகுதி வருமானம் அல்ல. வருமான உச்சவரம்பு வைத்திருக்கும் மாநிலங்களில் 2025-ல் அந்த வரம்பு மாதம் 2,901 டாலராக இருந்தது. முழுப் பென்ஷனையும் ஒரே வரியில் எழுதிக்கொடுத்தால் தகுதியுள்ளவரும் நிராகரிக்கப்படலாம். வி.ஏ. அனுப்பும் ஒப்புதல் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொகையைப் பிரித்துக் காட்டுங்கள்.

பணியால் வந்த ஊனத்துக்குத் தரும் இழப்பீடு வேறு, இந்தப் பென்ஷன் வேறு. இழப்பீட்டை யாரும் 90-க்கு வெட்டுவதில்லை. ஆனால் மெடிகெய்டு அதை வருமானமாக எண்ணும். ஊன மதிப்பீடு 70 சதவீதமோ அதற்கு மேலோ இருந்து, நர்சிங் ஹோம் பராமரிப்பு தேவைப்பட்டால், அதைத் தருவது வி.ஏ.வின் சட்டக் கடமை. அவர்கள் மெடிகெய்டு வரிசையில் நிற்பதே வீண் அலைச்சல். வி.ஏ.வே நடத்தும் பராமரிப்பு இல்லமான கம்யூனிட்டி லிவிங் சென்டரையோ, அது ஒப்பந்தம் போட்டிருக்கும் இல்லத்தையோதான் முதலில் கேட்க வேண்டும்.

மாநிலப் படைவீரர் இல்லம் இன்னொரு வழி. வி.ஏ. அங்கே நாள்படித் தொகை தருவதால் 90 டாலர் விதி பொருந்தாது, பென்ஷன் முழுதாக வரும். மகிழ வேண்டாம்: மெடிகெய்டில் இருக்கும் தனியாளுக்கு 90-க்கு மேற்பட்ட பணம் இல்லத்தின் செலவுக்கே போய்ச் சேரும். லாபம் மாநிலக் கஜானாவுக்கு. பராமரிப்பும் கூட இருப்பவர்களும் பிடித்திருந்தால் அந்த இல்லத்தைத் தேர்ந்தெடுக்கலாம், பணத்துக்காக வேண்டாம்.

விண்ணப்ப வேலையில் முதலில் 21-0966 என்ற படிவத்தைப் போட்டுவிட வேண்டும். விண்ணப்பிக்கப் போகிறேன் என்று தெரிவிக்கும் தாள் அது. அன்றைய தேதியை ஓராண்டுக்குப் பிடித்துவைக்கும். பிறகு பென்ஷன் விண்ணப்பமான 21பி-527ஈஇசட், பணிவிடுப்புச் சான்றான டிடி-214, மருத்துவச் செலவுக்கு 21பி-8416. மருத்துவர் நிரப்பும் 21-2680 வீட்டில் இருப்பவர்களுக்கு முக்கியம். நர்சிங் ஹோமில் இருப்பவருக்கு இல்ல அலுவலகம் நிரப்பும் 21-0779தான் உயிர்நாடி. உடலோ மனமோ தளர்ந்து அங்கே இருக்கிறார் என்பதே எய்டு அண்ட் அட்டெண்டன்ஸுக்குப் போதிய தகுதி. மெடிகெய்டு தொடங்கிவிட்டதா, எந்தத் தேதியில் என்று அந்தப் படிவத்தில் கேட்பார்கள். மெடிகெய்டு விண்ணப்பம் இன்னும் நிலுவையில் இருக்க, அலுவலகத்தில் யாரோ 'ஆம்' என்று குறித்துவிட்டால் முழுப் பென்ஷனுக்குப் பதில் 90 வந்து நிற்கும். அனுப்புமுன் அந்த ஒரு கட்டத்தைக் கண்ணால் பாருங்கள்.

முதல் விண்ணப்பத்தைத் தயாரித்துத் தருவதற்கு யாரும் கட்டணம் வாங்கக்கூடாது என்பது சட்டம். அங்கீகாரம் பெற்ற சேவை அதிகாரிகள் இலவசமாகச் செய்கிறார்கள். 'ஆலோசனைக் கட்டணம்' என்று பெயர் மாற்றிக் கேட்பவரிடம் எழுந்து வந்துவிடலாம்.

இதைவிட ஆபத்தானவர்கள், பென்ஷன் தகுதிக்காகச் சொத்தை ஆன்யுட்டியிலோ (மொத்தப் பணத்தைக் கட்டித் தவணையாகத் திரும்பப் பெறும் திட்டம்) டிரஸ்டிலோ (சொத்தை இன்னொருவர் பொறுப்பில் வைக்கும் அறக்கட்டளை) போடச் சொல்பவர்கள். வி.ஏ.வின் சொத்து வரம்பு, 2024 டிசம்பர் முதல் ஓராண்டுக்கு, ஆண்டு வருமானத்தையும் சேர்த்து 159,240 டாலராக இருந்தது. குடியிருக்கும் வீடு கணக்கில் வராது. மெடிகெய்டோ பெரும்பாலான மாநிலங்களில் தனியாளுக்கு 2,000 டாலர்தான் விடுகிறது. சொத்தை யாருக்காவது கைமாற்றியிருக்கிறாரா என்று 2018 அக்டோபர் 18 முதல் வி.ஏ. மூன்றாண்டு பின்னோக்கிப் பார்க்கிறது, மெடிகெய்டு ஐந்தாண்டு. நான்கு வருடத்துக்கு முன் மகனுக்குக் கொடுத்த 60,000 டாலர் வி.ஏ.வின் கண்ணில் படாது, மெடிகெய்டில் மாட்டும். அதற்காக மெடிகெய்டு பில் கட்ட மறுக்கும் தண்டனைக் காலமும் பணத்தைக் கொடுத்த நாளிலிருந்து ஓடாது. கையிருப்பு தீர்ந்து, இல்லத்தில் சேர்ந்து, மற்ற எல்லாத் தகுதியும் வந்தபிறகே தொடங்கும். அதுவரை பில் யார் கட்டுவது என்று அந்த ஆன்யுட்டிக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

நர்சிங் ஹோமில் இருப்பது வீரரின் மனைவி, வீரர் வீட்டில் நலமாக இருக்கிறார் என்றால் எய்டு அண்ட் அட்டெண்டன்ஸ் விகிதம் கிடைக்காது. ஆனால் மனைவிக்காகக் கட்டும் செலவைக் காட்டி, மனைவியோடு கூடிய அடிப்படை விகிதத்தில் (2025-ல் ஆண்டுக்கு 22,216 டாலர் வரை) வீரர் பென்ஷன் கேட்கலாம். இதைப் பலர் கேட்பதே இல்லை.